வேதியியலுக்கும் கணக்குக்கும் பயந்து நர்சிங்கை விட்டுவிடாதீர்கள்!

(படிப்பை இடையில் நிறுத்தி, வயது கூடிய பின் செவிலியர் பயிற்சியில் சேர விரும்புவோருக்காக நடந்த கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன் வரிசையில் வணிகப் பெருமக்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்னால் இளைஞர்கள் நிற்கிறீர்கள். திரைக்கு அந்தப் பக்கம் நம் சகோதரிகள் இருக்கிறார்கள். பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்தவர்கள், பத்தாம் வகுப்போடு நின்றவர்கள், திருமணமாகிக் குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு "இனி நானும் படிக்கலாமே" என்று நினைப்பவர்கள், கணவரை இழந்து சொந்தக் காலில் நிற்க வேண்டியவர்கள். வளைகுடாவிலிருந்து திரும்பி, அடுத்து என்ன என்று யோசிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். நர்சிங் படிக்கலாமே என்று இவர்களிடம் சொன்னால் உடனே வருகிற பதில் ஒன்றுதான்: "எனக்குக் கெமிஸ்ட்ரி வராது, கணக்கு சுத்தமாக வராது!"

கல்வி, சமுதாயம், முன்னேற்றம் என்று பொதுவாக முழங்கிவிட்டுப் போக நான் வரவில்லை. அதைப் பலர் பேசிவிட்டார்கள். இந்த இரண்டு பாடங்கள் எங்கே தேவைப்படுகின்றன, எவ்வளவு தேவைப்படுகின்றன, முப்பது வயதில் எங்கிருந்து தொடங்குவது என்பதை மட்டும் பேசிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

எந்த வாசல் உங்களுடையது?

முதலில் ஒரு செய்தி. நர்சிங்கில் சேரக் கணிதம் தகுதிப் பாடமே இல்லை! பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. அதற்கு பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு அறிவியல் பாடங்களில் 45 சதவீதம் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. ஜி.என்.எம். எனப்படும் டிப்ளமோ மூன்றாண்டு. அதற்கு அறிவியல் பிரிவுக்கு முன்னுரிமை உண்டு என்றாலும், கவுன்சில் விதிப்படி கலைப் பிரிவில் படித்தவர்களும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். வயது 17 முதல் 35 வரை. டிப்ளமோ முடித்துச் செவிலியராகப் பதிவு செய்தவர்கள், மேலும் இரண்டாண்டு படித்து பி.எஸ்சி. பட்டமும் வாங்கலாம்.

ஆக, காமர்ஸ் படித்த சகோதரிக்குக் கதவு மூடவில்லை. நேர்வழி இல்லையென்றால் சுற்றுவழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு மாநிலமும், ஒவ்வொரு கல்லூரியும் சொந்த நிபந்தனைகளைச் சேர்ப்பதுண்டு. 1947ஆம் ஆண்டின் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக, தேசிய செவிலியர் ஆணையத்துக்கான சட்டம் 2023இல் நிறைவேறியிருக்கிறது. விதிகள் மாறக்கூடிய காலம் இது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், நீங்கள் சேரப்போகும் ஆண்டின் அறிவிப்பை வாங்கி வரிக்கு வரி படியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. "ஆறு மாதத்தில் நர்சிங், கெமிஸ்ட்ரி தேவையில்லை" என்று தெருமுனையில் தட்டி கட்டியிருப்பார்கள். அங்கே பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு கிடைக்குமா?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பதிவு இல்லாதவர் செவிலியர் ஆகமாட்டார். ஆயுள் முழுக்க உதவியாளர்தான்.

பி.எஸ்சி.யே வேண்டும், ஆனால் அறிவியல் படிக்கவில்லை என்பவர்கள் என்ன செய்வது? தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று மத்திய அரசின் நிறுவனம் 1989 முதல் இயங்குகிறது. வயது வரம்பு பார்க்காமல் மேல்நிலைப் படிப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஆண்டுக்கு இருமுறை பொதுத் தேர்வு. ஐந்தாண்டுக்குள் ஒன்பது வாய்ப்பு. ஒரே மூச்சில் எல்லாப் பாடத்தையும் எழுத வேண்டிய கட்டாயமில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே இரண்டிரண்டு பாடமாக முடிக்கலாம். வேதியியலில் எழுத்துத் தேர்வு 80, செய்முறை 20. இந்த இருபதை அலட்சியப்படுத்துபவர்கள் பலர். ஆய்வகத்துக்குப் போய், பியூரெட்டைத் தொட்டுப் பார்க்காமல் இந்த மதிப்பெண் வராது. சேருமுன் இந்தச் சான்றிதழை ஏற்றுத் தகுதிச் சான்று தருவார்களா என்று கல்லூரியிடமும் மருத்துவப் பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழி உறுதி வேண்டாம். ஆங்கிலமும் மூன்று அறிவியல் பாடங்களும் ஒரே சான்றிதழில் இருப்பது நல்லது; பின்னால் வழக்கு வம்பு இராது.

தமிழ்நாட்டில் 2007ஆம் ஆண்டு நமக்கென்று 3.5 சதவீதத் தனி ஒதுக்கீடு வந்தது. அதற்காக எத்தனை மாநாடுகள், எத்தனை ஊர்வலங்கள்! அந்த ஒதுக்கீடு நர்சிங் இடங்களுக்கும் உண்டு. ஆனால் சகோதரர்களே, ஒதுக்கீடு என்பது நாற்காலிதான். அதில் உட்காருகிறவள் கையில் வேதியியல் மதிப்பெண் இருந்தாக வேண்டும். அதற்கு மாநாடு போட முடியாது.

கடைக் கணக்கும் மருந்துக் கணக்கும்

சேரும்போது கேட்காத கணக்கு, சேர்ந்த பிறகு வருகிறது. தினமும் வருகிறது, நோயாளியின் கட்டில் அருகே வருகிறது. ஆனால் அது எந்தக் கணக்கு? அல்ஜீப்ரா மலை அல்ல. பின்னம், தசமம், சதவீதம், விகிதம், அளவை மாற்றுவது. இவ்வளவுதான்! ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் முடிந்துபோகும் விஷயங்கள்.

வணிகப் பெருமக்களே, இதை உங்களைவிட யார் நன்றாகச் செய்வார்கள்? கால் கிலோ ஏலக்காய்க்கு விலை சொல்லும்போது பேனா எடுக்கிறீர்களா? ஆண்டுதோறும் ஜகாத் கணக்குப் பார்க்கிறோமே, இரண்டரை சதவீதம், நாற்பதில் ஒன்று! மத்ரஸாவில் ஓதிய இளைஞர்கள் பாகப் பிரிவினைப் பாடம் படித்திருப்பீர்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என்று பின்னங்களைக் கூட்டி, பொது எண் கண்டுபிடித்தவர்களுக்கு மருந்துக் கணக்கு ஒரு பொருட்டா?

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு 180 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதுகிறார். கையில் உள்ள பாட்டிலில் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. அப்படியானால் 7.2 மில்லி கொடுக்க வேண்டும். அதே மருந்து 5 மில்லியில் 250 மில்லிகிராம் என்றும் கடையில் கிடைக்கிறது. அந்தப் பாட்டிலானால் 3.6 மில்லிதான். பெட்டியும் பெயரும் ஒன்றுபோல இருக்கும். லேபிளைப் படிக்காமல் பழைய அளவையே ஊற்றினால் குழந்தைக்கு இரட்டிப்பு மருந்து! கடையில் கணக்குத் தவறினால் பத்து ரூபாய் போகும். மாலையில் கல்லாவை எண்ணும்போது தெரிந்துவிடும். இங்கே அப்படியல்ல.

இன்சுலினைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பியும் புழக்கத்தில் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனி சிரிஞ்சு: நாற்பதுக்குச் சிவப்பு மூடி, நூறுக்கு ஆரஞ்சு மூடி. நாற்பது சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லி. அந்தக் கோடு வரை நூறு யூனிட் மருந்தை இழுத்தால் உள்ளே போவது 20 யூனிட் அல்ல, 50 யூனிட்! சர்க்கரை சட்டென இறங்கி நோயாளி மயங்கிவிடுவார். நம் வீடுகளில் சர்க்கரை நோய் இல்லாத வீடு எது? நர்சிங்குக்குப் போகாதவர்களும் வீட்டுக்குப் போய் அந்தக் குப்பியையும் மூடியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தசமப் புள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அரை என்பதை .5 என்று எழுதினால் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் ஐந்தாகிவிடும். 0.5 என்றே எழுத வேண்டும். ஐந்தை 5.0 என்று எழுதினால் ஐம்பதாகப் படித்துவிடுவார்கள். அங்கே வெறும் 5. மருத்துவமனைகளில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் பதிவு பெற வெளிநாட்டுச் செவிலியர் எழுதும் கணினித் தேர்வில், 2021 முதல் கணக்குக்கென்றே தனிப் பகுதி வைத்துவிட்டார்கள். வெளிநாட்டு வேலையைக் கனவு காணும் இளைஞர்கள் இதையும் மனதில் வையுங்கள்.

வேதியியல் எங்கே இருக்கிறது?

"அல்ஜீப்ரா அரபுச் சொல், ஆல்கலி அரபுச் சொல், வேதியியலுக்கு நம் முன்னோர்கள் ஆற்றிய பணியைப் பார்" என்று மேடையில் முழங்குகிறோம். உண்மைதான். ஆனால் அந்த ஆல்கலிக்கும் அமிலத்துக்கும் வித்தியாசம் கேட்டால் நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பெருமை பேசுவது எளிது, பிப்பெட்டைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

வேதியியலில் பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் மோல். பதினொன்றாம் வகுப்புத் தமிழ்நாட்டுப் பாடநூலில் வேதிக் கணக்கீடுகள் என்று முதல் பாடமாகவே வருகிறது. அங்கே பயந்து புத்தகத்தை மூடியவர்கள் ஏராளம். உண்மையில் மோல் என்பது என்ன? ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஆயிரம் திருகாணி வேண்டும் என்று வந்தால் ஒவ்வொன்றாகவா எண்ணுகிறார்? நூறு ஆணி இத்தனை கிராம் என்று தெரியும். தராசில் போட்டு எடையை வைத்து எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறார். சிறிய ஆணியும் பெரிய ஆணியும் ஒரே எண்ணிக்கையில் வேண்டுமானால் எடை வேறு வேறாக இருக்கும். மோல் என்பதும் அதே வேலைதான். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகளை எடை போட்டு எண்ணுவது. குளுக்கோஸ் 180 கிராம் என்றால் ஒரு மோல், சமையல் உப்பு 58.5 கிராம் என்றால் ஒரு மோல்.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி ஒரு லிட்டர் தண்ணீருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். இதில் குளுக்கோஸ் 13.5-ஐ 180ஆல் வகுத்துப் பாருங்கள், 75 மில்லிமோல் வரும். உப்பிலும் சிட்ரேட்டிலும் உள்ள சோடியத்தைக் கூட்டினால் அதுவும் 75! எடையில் வேறு, எண்ணிக்கையில் சமம். ஏன் இப்படி? குடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன. அவற்றின் பின்னால் தண்ணீர் போகிறது. குழந்தையின் உயிரைக் காப்பது இந்தக் கணக்கு. அந்தப் பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு லிட்டருக்கானதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அளவு மீறிவிடும், குழந்தைக்கு ஆபத்து. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல, அவள் பேசும் பேச்சைப் பேசுகிற ஒரு செவிலியர் வேண்டாமா?

அடுத்தது சவ்வூடு பரவல். பெயர் பயமுறுத்தும். எலுமிச்சம்பழத்தை உப்பில் போட்டால் மறுநாள் ஜாடியில் நீர் நிற்கிறதே, அந்த நீர் எங்கிருந்து வந்தது? பழத்திலிருந்து. உப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் ஓடுகிறது. இரத்த அணுவுக்கும் இதே விதிதான். அதனால்தான் நரம்பில் ஏற்றும் சலைன் 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்று அளந்து வைத்திருக்கிறார்கள். வெறும் தண்ணீரை ஏற்றினால் அணுக்கள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும்.

அமிலம், காரம், பி.எச். அளவு என்பவை ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் தொழில் செய்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். சுண்ணாம்பில் ஊறவைத்து, பிறகு அமிலத்தில் மாற்றி, பி.எச். சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் எந்தத் தோலும் பதமாகாது. மனித இரத்தத்தில் அந்த அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். அவ்வளவு குறுகிய இடம்! பொட்டாசியமும் அப்படித்தான், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை. அடர்த்தியான பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். அதைக் கரைத்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். பாடத்தில் அயனி என்று நாலு மதிப்பெண்ணுக்குப் படிப்பது இங்கே வந்து நிற்கிறது.

பி.எஸ்சி. நர்சிங்கில் இரண்டாம் பருவத்திலேயே உயிர்வேதியியல் வருகிறது. அடுத்த பருவத்தில் மருந்தியல் தொடங்குகிறது. அடித்தளம் இல்லாமல் போகிறவர்கள் தள்ளாடுவது அங்கேதான். கரிம வேதியியல், உலோகவியல் போன்றவற்றை பிளஸ் டூ தேர்வுக்காகப் படித்துத்தான் ஆக வேண்டும். அதில் குறுக்கு வழி கிடையாது. ஆனால் மனதில் தங்க வேண்டியவை நான் மேலே சொன்னவை.

எங்கிருந்து தொடங்குவது?

நேராகப் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுக்காதீர்கள்! உங்கள் பிள்ளையோ தம்பியோ படிக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை எடுங்கள். அணு, அயனி, சமன்பாடு, அமிலம், காரம், உப்பு. இந்தப் பாடங்களை இரண்டு மாதம் முழுமையாகப் படியுங்கள். கூடவே ஆறு, ஏழாம் வகுப்புக் கணக்கில் பின்னமும் விகிதமும். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிள்ளையோடு சேர்ந்து படித்தால் பிள்ளைக்கும் நல்லது. அதன் பிறகு மோல் பாடத்துக்கு வாருங்கள், பூட்டு தானாகத் திறக்கும்.

தினம் ஒரு மணி நேரம் போதும், ஆனால் தினமும் வேண்டும். பஜ்ருக்குப் பிறகு வீடு அமைதியாக இருக்கும் நேரம் நல்லது. கணக்கை வாசிக்கக் கூடாது, எழுதிப் போட வேண்டும். செல்போன் கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். முதலில் மனதில் ஒரு குத்துமதிப்பு, பிறகு தாளில். விடை 72 மில்லி என்று வந்தால், "ஒரு குழந்தைக்கு இவ்வளவு சிரப்பா?" என்று உங்கள் மனம் கேட்க வேண்டும். அந்தக் கேள்விதான் பின்னாளில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

வீட்டிலுள்ள ஆண்களிடம் ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அந்த ஒரு மணி நேரத்தை உங்கள் மனைவிக்கு, சகோதரிக்கு யார் தருவது? தேநீர் நீங்கள் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? "என் மனைவியைப் பெண் டாக்டர்தான் பார்க்க வேண்டும், பெண் நர்சுதான் தொட வேண்டும்" என்று மருத்துவமனை வாசலில் நின்று வாதாடுகிறோம். அந்தப் பெண் யார் வீட்டிலிருந்து வரவேண்டும்? பெண் நர்சிங்குக்குப் போவது நம் வழக்கமா என்று கேட்கும் பெரியவர்களுக்கு, அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் வைத்துப் பராமரிக்கப்பட்ட வரலாற்றை நினைவூட்டினால் போதும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! கல்யாண மண்டபத்துக்கு இன்னொரு மாடி கட்டுமுன், ஓர் அறையில் மாலை நேர வகுப்பு வையுங்கள். ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர், ஒரு கரும்பலகை, பத்துப் பெண்களுக்குத் திறந்தநிலைப் பள்ளிக் கட்டணம். செய்முறைக்குப் பக்கத்துப் பள்ளியின் ஆய்வகத்தை விடுமுறை நாளில் கேட்டு வாங்குங்கள். கடை முதலாளிகள் உங்களிடம் வேலை செய்யும் பையன் தேர்வெழுதும் மாதத்தில் சம்பளத்தைப் பிடிக்காமல் விடுப்புக் கொடுங்கள்.

கடைசியாக, வீட்டுக்கு ஒரு கணக்கு. 500 மில்லி சலைன் பாட்டிலை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மொத்தச் சொட்டு 500 பெருக்கல் 20, பத்தாயிரம். நான்கு மணி நேரம் 240 நிமிடம். வகுத்தால் 41.67 வரும். சொட்டைத் துண்டாக்க முடியாது, 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் ஒரு நிமிடம் முழுக்க நிற்க நேரமில்லாவிட்டால், கடிகாரத்தைப் பார்த்தபடி 15 விநாடியில் பத்து அல்லது பதினோரு சொட்டு விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.